பனிக்கரடியும் பென்குயினும் சந்திப்பதே இல்லை

பனிக்கரடிகள் வேட்டையாடுவதால் வட துருவத்தில் பென்குயின்கள் அழிந்து வருவதாக ஒரு செய்தி, படத்துடன், வேலூர், காட்பாடிப் பகுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது தவறு. பனிக்கரடி, வட துருவப் பகுதியான ஆர்க்டிக்கின் விலங்கு. பென்குயின்களோ, நிலநடுக்கோட்டை ஒட்டிய காலபகாஸ் தீவுகளின் இனம் நீங்கலாக, தென் அரைக்கோளத்தில் மட்டுமே வாழ்பவை. அண்டார்டிகக் கடலில் அவற்றை வேட்டையாடுவது சிறுத்தைச் சீல் என்னும் கடல் பாலூட்டி. அண்டார்டிகாவில் வாழும் பெரிய இனமான எம்பரர் பென்குயினை இன்று வாட்டுவது கடல்பனி உருகுதல்.

கடுங்குளிரில் ஆண் எம்பரர் பென்குயின், ஏறத்தாழ 65 நாள் இரையின்றி, ஒற்றை முட்டையைப் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்தி, மற்ற ஆண்களோடு நெருக்கியடித்து நின்று அடைகாக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுவே. பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.