அரை ஆள் கணக்கு

ஊரே கூடி, கூலி வாங்காமல் நடவு நடுகிற ரீல்ஸ் ஒன்றைச் சென்னையில் எல்லாரும் பகிர்கிறார்கள். அழகுதான். வரப்பில் நாற்று முடி (நாற்றுக் கட்டு) தூக்கி வருகிற பையனுக்கு என்ன வயசு என்று யாராவது பார்த்தீர்களா?

ஆளுக்கு ஆள் மாத்திக்கொள்ளும் முறையில் காசு புழங்காது, ஆள் நாள்தான் கடன். ஏக்கர் நடவுக்கு 12 பேர் வந்தால் 12 நாள் வேலையைத் திருப்பணும். வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் என்றால் ஆளுக்கு 6 நாள். ஆனால் அக்கம்பக்கம் எல்லாருமே ஒரே வாரத்தில் நாற்று விட்டிருப்பார்கள். வயசு கூடிப்போன நாற்று சரியாகத் தூர் வெடிக்காது, அதாவது பக்கத்தில் புதுத் தண்டு விடாது, அதனால் எவரும் காத்திருக்க மாட்டார்கள். ஒரே காலையில் மூன்று வீட்டிலிருந்து கூப்பாடு வரும். அங்கேதான் ஆறாம் வகுப்புப் பிள்ளை ‘அரை ஆள்’ ஆகிறது. முடி வீசும், தண்ணீர் சுமக்கும். வேர்க்கடலை என்றால் பெரியவர்கள் செடி பிடுங்க, பிள்ளைகள் இருட்டும்வரை காய் ஆய்வார்கள்.

"சொந்த நிலத்துல ஒத்தாசை பண்ணா தப்பா?" தப்பில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி விட்ட பிறகோ விடுமுறையிலோ ஆபத்தில்லாத குடும்ப வேலையில் உதவலாம். ஆனால் சட்டத்தில் குடும்பம் என்றால் பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப் பிறந்தவர்கள், அவ்வளவுதான். பக்கத்து வயல்காரரை வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டாலும் அது குடும்ப வயல் ஆகாது. கூலி வாங்கலையே என்பதும் செல்லாத பேச்சு. அரை ஆளாக எண்ணிக் கடனைக் கழித்தால் அதுதான் கூலி.

அதற்காக இந்த முறையையே விடச் சொல்லவில்லை. நடவுக்கூலிக்குக் கடன் வாங்கிய வீட்டில் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசமாகும். மாத்த வேண்டியது கணக்கை. நாற்று விடுவதற்கு முன்பே நான்கைந்து வீடு கூடி, வீட்டுக்கு நான்கு நாள் இடைவெளி வைத்து விதையுங்கள். சம்பா நடவு காலாண்டுத் தேர்வோடு மோதும், அந்த வாரத்தை முதலிலேயே குறித்துவிடுங்கள். ஆள் நாள் கணக்கு எழுதும் நோட்டில் பெரியவர்கள் பெயர் மட்டும் இருக்கட்டும். குறைகிற ஆளைக் களையெடுப்பிலோ அறுப்பிலோ ஈடுகட்டலாம், அன்றைய கூலியைக் காசாகவும் கொடுக்கலாம். ஒரு நடவு நாளுக்கு எத்தனை களை நாள் என்பதை முன்கூட்டியே எழுதாவிட்டால் கட்டாயம் சண்டை வரும்.

வயல் பக்கமே போகாத பெண்பிள்ளையை மட்டும் இந்த நோட்டும் விட்டுவிடும். வந்த ஆட்களுக்குச் சோறாக்கவும் கைக்குழந்தையைப் பார்க்கவும் அவள்தான் லீவு போடுகிறாள். எனவே அடுப்பு வேலையையும் ஒரு முழு ஆள் நாளாக எழுதுங்கள். அன்றைக்கு ஒரு பெரியவர் வயலுக்கு வராமல் உலை வைக்கட்டும்.