இந்தப் பாட்டு யாரிடமிருந்து வந்தது?

போன சனிக்கிழமை வட கரோலினாவில் ஒரு நண்பரோடு கேரியிலிருந்து கிரீன்ஸ்பரோ போய்க்கொண்டிருந்தேன். காரில் நியூ டேஞ்சர்ஃபீல்ட் என்ற பேண்டைப் போட்டிருந்தேன். பாஞ்சோவும் ஃபிடிலும் வாசிக்கிறவர்கள். பாஞ்சோ என்பது தோல் போர்த்திய தலையுள்ள கம்பி வாத்தியம், ஃபிடில் என்பது வயலின்தான். பத்து நிமிடம் பேசாமல் கேட்டவர், "நல்லா இருக்கே, யாரு இவங்க?" என்று ஃபோனில் தேடினார். படத்தைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். நாலு பேரும் கறுப்பினத்தவர்கள். "பாஞ்சோ, ஃபிடில் எல்லாம் மலைப்பக்கத்து வெள்ளைக்காரங்க சமாச்சாரம் ஆச்சே? இவங்க ஏன் அதைப் போய் வாசிக்கிறாங்க?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் அதைக் கேட்ட நேரத்தில் கார் மெபின் எக்ஸிட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. காரில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

மெபின் என்றால் நம் ஆட்களுக்கெல்லாம் அவுட்லெட் கடைகள்தான் நினைவுக்கு வரும். நானும் ஷூ வாங்க, குளிர்காலக் கோட்டு வாங்க எத்தனையோ முறை அந்த எக்ஸிட்டில் இறங்கியிருக்கிறேன். அங்கேதான் ஜோ தாம்சன் என்ற பெரியவர் வாழ்ந்தார். 1918இல் பிறந்தவர். பல வருடங்கள் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஃபிடிலும் பாஞ்சோவும் இருந்தன. வார இறுதி நடனங்களுக்குக் குடும்பமாகப் போய் வாசிப்பார்கள். 2005இல், அவருக்கு 86 வயதில், மூன்று இளைஞர்கள் வாராவாரம் வியாழக்கிழமை அவர் வீட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ரியானன் கிடென்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன். அந்த வருடம் ஏப்ரலில் பூன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களுக்காக ஒரு சந்திப்பு நடந்தது. அங்கே அறிமுகமானவர்கள் இவர்கள். தாள் இல்லை, பாடத்திட்டம் இல்லை. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள். தப்பினால் அவர் மறுபடியும் வாசிப்பார். இப்படி உருவானதுதான் கரோலினா சாக்லேட் டிராப்ஸ். 2010இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்துக்கு அடுத்த வருடம் கிராமி கிடைத்தது. ஜோ தாம்சன் 2012 பிப்ரவரியில் 93 வயதில் காலமானார். அந்த வெற்றியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நியூ டேஞ்சர்ஃபீல்ட் அந்த வழியில் அடுத்து வந்திருக்கிறவர்கள். 2024இல்தான் வெளியே தெரிய ஆரம்பித்தார்கள். ஜேக் பிளன்ட் ஃபிடில், கையா கேட்டர் பாஞ்சோ, டிரே வெலிங்டன் இன்னொரு பாஞ்சோ, நெல்சன் வில்லியம்ஸ் பாஸ். நாலு பேருக்கும் தனித்தனியாக ஏற்கெனவே பெயர் உண்டு. கையா மான்ட்ரியாலில் பிறந்தவர், கிரெனடா வேர் உள்ளவர், வெஸ்ட் வர்ஜீனியாவில் தங்கிப் படித்து மலைப்பாட்டைக் கற்றவர். டிரே எங்கள் வட கரோலினாக்காரர். ஜேக் பிளன்ட் 2016இல் வெஸ்ட் வர்ஜீனியாவின் கிளிஃப்டாப் திருவிழாப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்த முதல் கறுப்பினக் கலைஞர். அந்தத் திருவிழா நடக்கும் முகாம் 1942இல் கறுப்பினச் சிறார்களுக்கென்றே திறக்கப்பட்டது. அந்த மண்ணில் ஒரு கறுப்பினக் கலைஞர் இறுதிச் சுற்றுக்கு வர 2016 வரை ஆகியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஒரே பேண்டில் இரண்டு பாஞ்சோவா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டால் புரியும், இரண்டும் இரண்டு பாஷை. டிரே வாசிப்பது மூன்று விரலில் மாட்டிய 'பிக்' என்ற சிறு தகடுகளால். மழைத்துளி தகரத்தில் விழுகிற மாதிரி சரசரவென்று ஒன்றன் பின் ஒன்றாகக் கொட்டும். கையா வாசிப்பது கிளாஹாமர். நான் இரண்டு வருடமாகக் கற்றுக்கொண்டிருப்பது அதுதான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கையைப் பருந்தின் நகம் மாதிரி மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். விரல் கம்பியை மேல்நோக்கிச் சுண்டாது. நகத்தின் முதுகு கம்பியின் மேல் கீழ்நோக்கி விழும். கை விழுந்த வேகத்திலேயே கட்டைவிரல் போய் ஐந்தாவது கம்பியில் தங்கும். அந்த ஐந்தாவது கம்பி மற்ற நாலைவிடக் குட்டை, கழுத்தின் பாதியில்தான் தொடங்கும். அதில் ராகம் வாசிப்பதில்லை. நம் சுருதிப்பெட்டி மாதிரி ஒரே சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். கை எழும்போது கட்டைவிரல் அதை விட்டுவிட்டுப் போகும். 'டம், டக்கட்... டம், டக்கட்.' இது கைக்குப் பழகவே எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

இந்த அடியும் அந்தக் குட்டைக் கம்பியும் அமெரிக்க மலையில் முளைத்தவை இல்லை. செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் என்ற வாத்தியம் இருக்கிறது. சுரைக்குடுக்கையை வெட்டித் தோல் போர்த்தி, கழி செருகி, மூன்று கம்பி கட்டியது. அதிலும் ஒரு கம்பி குட்டை, அதிலும் நகம் கீழ்நோக்கி விழும், கட்டைவிரல் குட்டைக் கம்பியைத் தட்டும். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள் கையில் எதையும் கொண்டுவர விடவில்லை. ஆனால் கைப்பழக்கத்தை யாரால் பிடுங்க முடியும்? போய் இறங்கிய இடத்தில் சுரைக்காய் கிடைத்தது, மறுபடி செய்துகொண்டார்கள். ஹான்ஸ் ஸ்லோன் என்ற, அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் 1687இல் ஜமைக்காவுக்குப் போனபோது அடிமைகள் வாசித்த இந்த மாதிரி வாத்தியங்களைப் பார்த்து, 1707இல் அச்சிட்ட தன் புத்தகத்தில் படமாகவே போட்டிருக்கிறார். வெள்ளைக்காரர்கள் பாஞ்சோவைப் பரவலாகக் கையில் எடுத்தது அதற்கப்புறம் நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 19ஆம் நூற்றாண்டில்.

அப்படியானால் இது வெள்ளைக்காரப் பாட்டு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ரெக்கார்டு கம்பெனிகள் செய்த வேலை. 1920களில் தெற்கு மாநிலங்களின் இசையை அவர்கள் இரண்டு வரிசையாகப் பிரித்து விற்றார்கள். கொலம்பியா கம்பெனியின் எண்களைப் பார்த்தாலே தெரியும். கறுப்பினத்தவர் பாடினால் 14000 வரிசை, வெள்ளையர் பாடினால் 15000 வரிசை. முன்னதுக்கு 'ரேஸ்' (இனம்) ரெக்கார்டு என்று பெயர், பின்னதுக்குப் 'பழங்காலப் பாட்டு', 'ஹில்பில்லி' என்று பெயர். கறுப்பினத்தவர் என்றால் ப்ளூஸ் பாட வேண்டும், வெள்ளையர் என்றால் ஃபிடில் வாசிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. சனிக்கிழமை இரவு நடனத்துக்கு இரண்டு தரப்பும் வாசித்தது கிட்டத்தட்ட ஒரே மெட்டுகளைத்தான். ஆனால் ஜோ தாம்சன் குடும்பத்தைப் போன்றவர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்தது மிகக் குறைவு. பதிவு இல்லையென்றால் பெயர் இல்லை.

பெயர் என்றதும் லெஸ்லி ரிடில் நினைவுக்கு வருகிறார். இங்கே பர்ன்ஸ்வில்லில் பிறந்த கறுப்பின கிடார் கலைஞர். சிமென்ட் தொழிற்சாலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் குடும்பம் என்றால் கன்ட்ரி இசையின் முதல் குடும்பம் என்பார்கள். அந்த ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தபோது கூடப் போனவர் ரிடில். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்வார், மெட்டை மனதில் ஏற்றிக்கொண்டு வருவது ரிடிலின் வேலை. அந்தக் குடும்பத்தின் கிடார் கலைஞர் மேபெல் கார்ட்டரும் அவர் வாசிப்பிலிருந்து கற்றுக்கொண்டார். அந்தப் பாட்டுகள் ஏ.பி. கார்ட்டர் பெயரில் வெளிவந்தன. ரெக்கார்டில் ரிடிலின் பெயர் இல்லை.

சரி, பேண்டுக்கு வருகிறேன். நியூ டேஞ்சர்ஃபீல்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. டேஞ்சர்ஃபீல்ட் நியூபி வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். தந்தை வெள்ளையர். பின்னாளில் ஒஹாயோவுக்குப் போய் விடுதலை அடைந்தார். ஆனால் மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் வர்ஜீனியாவில் இன்னொருவருக்கு அடிமைகள். அவர்களை விலை கொடுத்து மீட்கப் பணம் சேர்த்தார், நடக்கவில்லை. 1859இல் ஹாரியட் எழுதிய மூன்று கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. சீக்கிரம் என்னை வாங்கிவிடுங்கள், நீங்கள் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று ஒரு கடிதத்தில் மனைவி புருஷனுக்கு எழுதுகிறாள். அந்த அக்டோபரில், அடிமைமுறையை ஆயுதம் ஏந்தி எதிர்த்த ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக்கிடங்கைத் தாக்கியபோது நியூபியும் கூட இருந்தார். ஜான் பிரவுனின் ஆட்களில் முதலில் கொல்லப்பட்டது அவர்தான். உடலைச் சிதைத்தார்கள். கடிதங்கள் அந்த உடலில் இருந்துதான் கிடைத்தன என்று சொல்வார்கள். ஹாரியட்டை லூசியானாவுக்கு விற்றுவிட்டார்கள்.

நியூபியின் பெயரில் ஒரு பாஞ்சோ மெட்டு இருக்கிறது. வெஸ்ட் வர்ஜீனியாவின் கறுப்பின பாஞ்சோ கலைஞர் கிளாரன்ஸ் டிராஸ் வாசித்து வந்தது. பேண்டு அதைத்தான் முதலில் வெளியிட்டது. பாட்டு வரிகள் இல்லாத வெறும் மெட்டு. முதலில் கேட்டபோது துள்ளலான நடன மெட்டாகத்தான் பட்டது. கதை தெரிந்த பிறகு கேட்டால், ஃபிடில் மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் யாரோ ஓடுகிற மாதிரி இருக்கிறது.

எனக்கு இவர்கள்மேல் இத்தனை பிரியம் வரக் காரணம் வாசிப்புத் திறமை மட்டும் இல்லை. திறமைக்கு இந்த நாட்டில் பஞ்சம் கிடையாது. இவர்கள் பெயரைச் சொல்கிறார்கள். யாரிடமிருந்து வந்த மெட்டு, அவர் எந்த ஊர் என்று தேடிக் கண்டுபிடித்து, பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். சாக்லேட் டிராப்ஸும் இதைச் செய்தார்கள். டான் எம்மெட் என்ற வெள்ளைக்காரர், ஒஹாயோவில் தன் அக்கம்பக்கத்தில் இருந்த ஸ்னோடன் என்ற கறுப்பினக் குடும்பத்திடமிருந்து கேட்டதாகச் சொல்லப்படும் மெட்டொன்றை, குடும்பப் பெயர் இல்லாமல் 'அசல் நீக்ரோ ஜிக்' என்று பொதுப்பெயரிட்டு எழுதி வைத்திருந்தார். ஜிக் என்றால் துள்ளலான நடன மெட்டு. அதை இவர்கள் 'ஸ்னோடனின் ஜிக்' என்று மாற்றி வாசித்தார்கள். பறித்த பெயரைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம்!

இந்த இசைக்கு இப்போது நல்ல காலம் என்று சொல்கிறார்கள். 2024இல் பியான்சேயின் கன்ட்ரி பாட்டு முதலிடத்துக்குப் போனதே, அதன் தொடக்கத்தில் கேட்கும் பாஞ்சோ ரியானன் கிடென்ஸுடையது. மெபினில் ஜோ தாம்சன் வீட்டில் உட்கார்ந்து கற்ற கை அது. மகிழ்ச்சிதான். ஆனால் விழா நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்த மாதிரி பேண்டுகளைப் பிப்ரவரி மாதம், கறுப்பின வரலாற்று மாதம் என்று மட்டும் கூப்பிடாதீர்கள். ஜூலையில் கூப்பிடுங்கள், சனிக்கிழமை ராத்திரி முக்கிய மேடையைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் வரலாறு பேசச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் வாசிக்க விடுவது மரியாதை இல்லை. விருந்தாளிக்குத்தான் அப்படிச் செய்வார்கள். இவர்கள் வீட்டுக்காரர்கள்.

நம் மக்களிடமும் ஒன்று கேட்கிறேன். டர்ஹம், கேரி, மோரிஸ்வில் என்று எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். பிள்ளைகள் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறார்கள். அதே வயலினைத்தான் இங்கே ஃபிடில் என்கிறார்கள். ஒருநாள் அவர்களை இந்த இசை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். நாம் வீடு வாங்கியிருக்கும் மண்ணின் பாட்டு இது. பேண்டு பிடித்திருந்தால் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் சின்ன பேண்டுக்குப் போய்ச் சேருவது ஒன்றுமே இல்லை.

ஜாம் என்று சொல்லும், எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் கூட்டத்துக்கு நான் போவதுண்டு. அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவோம். ஒரே மெட்டைப் பத்து நிமிடம்கூடச் சுற்றிச் சுற்றி வாசிப்போம். முடிக்க வேண்டும் என்றால் ஆரம்பித்தவர் ஒரு காலைத் தூக்குவார். எனக்குச் சொல்லித்தரும் பெரியவருக்கு ஒரு வழக்கம். யார் புது மெட்டு ஆரம்பித்தாலும், "இது யாரிடமிருந்து?" என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் பாஞ்சோவில் கை வைப்பார். போன மாதம் முதல்முறையாக நான் ஒரு மெட்டை ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். நியூ டேஞ்சர்ஃபீல்டின் நாலு பேர் பெயரையும் சொன்னேன். அவர்கள் கிளாரன்ஸ் டிராஸிடமிருந்து எடுத்தது என்றேன். டேஞ்சர்ஃபீல்ட் நியூபி யார் என்று சொன்னேன். ஹாரியட் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குனிந்து ஐந்தாவது கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டு, "ஆரம்பி" என்றார்.