அரைப் பேரும் உச்சக்கட்டமும்

முந்தாநாள் நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். எட்டாம் தரப் பிள்ளை ஒரு போட்டிக்கு எழுதிய சிறுகதை. கடைசியில் நடுவர் சிவப்பு மையில்: "உச்சக்கட்டம் இல்லை. முடிவு தெளிவில்லை." எந்தப் போட்டி, யார் நடுவர் என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

படத்தில் எழுத்து மங்கல் என்றார்கள், அதனால் கதையைச் சொல்லிவிடுகிறேன். மழை நாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவுக்கு அன்றைக்குப் பறிக்க வேண்டிய அளவில் இரண்டு கிலோ குறைகிறது. அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டுவிடுகிறார்கள். மகளின் பையில் பாடசாலைச் சுற்றுலாவுக்குக் காசு கேட்கும் கடிதம். அம்மா வந்து இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அடுப்படியில் உட்காருகிறாள். பிள்ளை கடிதத்தை எடுக்கிறாள், அம்மாவின் கையைப் பார்க்கிறாள், மடித்துப் பைக்குள்ளேயே வைத்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

இதில் உச்சக்கட்டம் இல்லையாம்!

ஐயா, கடிதம் பைக்குள் திரும்பப் போகிறதே, அதுதான் உச்சம். பிள்ளைக்கு ஒரு ஆசை இருக்கிறது, குறுக்கே ஒரு தடை வருகிறது, கேட்பதா விடுவதா என்று மனதுக்குள் இழுபடுகிறாள், ஒரு முடிவு எடுக்கிறாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கதைப்பின்னல் என்று இதற்கு மேல் என்ன சொல்லித் தரப் போகிறோம்? உச்சம் என்றால் சத்தம் இல்லை. பாத்திரம் திரும்புகிற இடம்.

ஆனால் நாம் செய்வது என்ன? கரும்பலகையில் ஒரு மலையைக் கீறி, ஏறும் பக்கம் 'வளர்ச்சி', உச்சியில் 'உச்சக்கட்டம்', இறங்கும் பக்கம் 'வீழ்ச்சி' என்று எழுதினால் பாடம் முடிந்தது. மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு மலை கீறிக் காட்டுகிறோம். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை போய் வந்தவர்களைக் கேளுங்கள், முழங்கால் கழன்று போவது இறங்கும்போதுதான். அந்தப் படத்தில் இறக்கத்தை யார் கவனிக்கிறார்கள்? படம் வந்தது குஸ்தாவ் பிரைடாக் என்ற ஜெர்மன்காரரிடமிருந்து, 1863இல். அவர் பேசியது ஐந்து அங்க நாடகத்தைப் பற்றி. அவருக்கு உச்சம் நடுவில் வரும். நம் ஆட்களுக்குக் கடைசிக்கு முந்திய பத்தியில், இடி மின்னலோடு வர வேண்டும்.

நாடகத்துக்கு ஐந்து பகுதி என்பது நம்மிடமும் உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்கிறார். விதை முளைப்பதிலிருந்து அறுத்துச் சாப்பிடுவது வரைக்கும் பயிரை வைத்தே விளக்குகிறார். தோட்டத்துப் பிள்ளைக்கு இது ஒரே வாசிப்பில் புரியும். யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

எங்கள் தாத்தா மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவார். காமன் எரியப் போகிறான் என்பது தோட்டத்து லய வீடுகளில் கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தும் அழுவார்கள். எப்போது தெரியுமா? தீ வைக்கும்போது இல்லை. கெட்ட கனவு கண்டேன், போகாதே என்று ரதி மன்றாடுவாள். காமன் போகிறேன் என்பான். அப்போதே பெண்கள் முந்தானையை வாயில் வைத்துவிடுவார்கள். தீ அதற்கு அப்புறம்தான்.

"அடிப்படை தெரியாமல் மீறக் கூடாது" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவள் எதை மீறினாள், காட்டுங்கள். "மூத்தவர்களை இப்படிப் பேசலாமா?" மூத்தவர் மேல் மரியாதை இருக்கிறது, சிவப்புப் பேனா மேல் இல்லை. "உன்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளை என்பதால் குதிக்கிறாய்." ஆமாம், குதிக்கிறேன். வேறு யார் குதிப்பது?

சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதல் அரைப் பக்கமும் மழை வர்ணனைதான். களத்தைச் சொல்ல அவ்வளவு வேண்டாம். அதற்குப் புள்ளி குறைத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஆனால் படத்தில் நான் வெட்டிவிட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் 'அரைப் பேர்' என்ற சொல்லின் கீழே கோடு போட்டு, பக்கத்தில் "பெயர்?" என்று திருத்தியிருக்கிறார். எழுத்துப் பிழையாம். எங்கள் அம்மா இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறிக்க மலையில் ஏறியவர். பேர் விழுந்ததா, அரைப் பேரா என்பதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடே முடிவாகும். அந்தச் சொல் தெரியாதவருக்குக் கதையில் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் கேட்டிருக்கலாமே. உச்சக்கட்டம் இல்லை என்று எழுத மட்டும் எப்படித் தெரிந்தது?

முதல் பரிசுக் கதையில் அம்மாவைப் பாம்பு கடிக்கிறது. எழுதிய பிள்ளையைக் குறை சொல்லவில்லை, நன்றாக இருக்கட்டும்.

நேற்றுப் பின்னேரம் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு இவள் மட்டும் நின்றாள். கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சேர், அப்ப அடுத்த முறை அம்மாவ சாகடிச்சிரவா?"