நிர்வாகத்திடம் முதலில் சொல்லியிருக்கலாமே என்பவர்களுக்கு

இரண்டு நாளாக அந்த முதியோர் இல்ல விவகாரத்தில் எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் கேள்வி கேட்கிறீர்கள். அப்பாவின் கை வீங்கியிருந்ததைப் படமெடுத்து நேராகப் போலீசுக்குப் போனாராம். "முதலில் நிர்வாகத்திடம் சொல்லியிருக்கலாமே, எதற்கு ஊரைக் கூட்டணும்?"

நான் நிர்வாகத்திடம்தான் முதலில் சொன்னேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு பெரியம்மாவைத் தாம்பரம் பக்கம் ஒரு இல்லத்தில் சேர்த்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை வாரிவிடும்போது ரவிக்கைக் கை மேலேறியது. முழங்கைக்கு மேலே நான்கு விரல் தடம், கன்றிப்போய். கேட்டதற்கு "பாத்ரூம்ல வழுக்கிடுச்சும்மா" என்றார். கட்டிலோரம் இருந்த காலிங் பெல் ஒயரைச் சுருட்டி, அவர் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

மேனேஜர் நன்றாகத்தான் பேசினார். காபி கொடுத்தார், விசாரிக்கிறேன் என்றார். அடுத்த வாரம் போனால் பக்கத்திலேயே ஒரு ஆயா நிற்கிறார், நகரவே இல்லை. அவர் திரும்பிய நேரம் பார்த்துப் பெரியம்மா சொன்னார்: "ஏம்மா சொன்னே? நீ போயிடுவே, நான்தானே இங்க இருக்கணும்."

நிர்வாகத்திடம் மட்டும் சொன்னால் இதுதான் நடக்கும். யார் மேல் புகாரோ அவர்களிடமே புகாரைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

மறதி உள்ளவர்கள் எதையாவது சொல்வார்களாம். சரி, தேதி மாறிப்போகும், பெயர் மாறிப்போகும். விரல் தடம் எப்படி வரும்? ஆயாக்களுக்குச் சம்பளம் குறைவு, ராத்திரி ஒரே ஆள் அத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம், அதனால்தான் வெளியே சொல்லுங்கள் என்கிறேன். பொய்ப் புகாரா என்பது விசாரித்தால் தெரிந்துவிடும்.

ஆனால் "பெற்றவரைக் கொண்டுபோய்த் தள்ளியவள் இப்போது அழுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு நேற்று நான் தூங்கவில்லை. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மூத்தவர்களை அடியோடு கைவிட்டுப் போகிறவர்களுக்கு 3 மாதம் வரை சிறை என்கிறது. மாதாமாதம் பணம் கட்டி, வாராவாரம் போய்த் தலை வாரிவிடுவதும் கைவிடுவதும் ஒன்றா? வீட்டில் தூக்கி உட்கார வைக்க ஆளில்லாமல்தானே சேர்த்தோம். பெரியம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுத அந்த முதல் நாளை நான் மறந்தேன் என்று நினைக்கிறீர்களா?

அந்தப் பெண்ணுக்கு: படங்களை அழித்துவிடாதீர்கள், தேதியோடு வைத்திருங்கள். அப்பாவை வெளியே ஒரு மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு வருகிறேன்.