லொகேஷன் கேட்காதீர்கள்

எங்கள் நண்பர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. பாறை இடுக்கில் மஞ்சள் பூ, இதழ்களின் நடுவே கரும்பழுப்பில் ஒரு கோடு, கீழே குட்டிச் செருப்பின் முன்பக்கம் மாதிரி ஒரு பை. உடனே ஒருவர் கேட்டார்: "செம! எந்த இடம்? லொகேஷன் போடுங்க."

தயவுசெய்து போடாதீர்கள் என்று எழுதினேன்.

அது பாபியோபெடிலம் ட்ரூரி. தென்னிந்தியக் காடுகளில் வளரும் ஒரே செருப்பு ஆர்க்கிட்; மற்ற வகைகளைப் பார்க்க வடகிழக்குக்கோ இமயமலைக்கோதான் போக வேண்டும். மரத்தில் தொற்றாது. பொதிகை மலையின் உயரமான சரிவுகளில், புல்லுக்கும் பாறைக்கும் நடுவே வெயில் காய்ந்துகொண்டு நிற்கும். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 1865இல் கர்னல் ட்ரூரி கண்ணில் பட்டது, 1874இல் தாவரவியலாளர் பெடோம் அவர் பெயரையே வைத்துவிட்டார். அகத்தியர் மலைச் செடிக்கு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் பெயர்! தமிழில் அதற்கு ஒரு பெயர் இதுவரை என் காதில் விழுந்ததில்லை. அது தனி வருத்தம்.

அப்புறம் வெகுகாலம் யாருக்கும் தட்டுப்படவில்லை. அழிந்தேபோனது என்று நினைத்திருந்த நிலையில் 1970களில் மறுபடி கண்டுபிடித்தார்கள். செய்தி வெளியே போனதுதான் தாமதம், சேகரிப்பவர்கள் வந்து வேரோடு அள்ளிக்கொண்டு போனார்கள். காட்டுத்தீயும் தன் பங்குக்குச் செய்தது. இன்று அழிவின் விளிம்பில் நிற்கிற இனம். காட்டிலிருந்து எடுப்பதை இந்தியச் சட்டம் தடுக்கிறது, எடுத்து நாடு கடத்தி விற்பதை சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் தடுக்கிறது. ஆனால் சரிவில் நிற்கும் செடிக்குப் பக்கத்தில் சட்டமா காவல் நிற்கிறது?

"வெளிநாட்டு நர்சரிகளில் விற்கிறார்களே, எப்படி அழியும்?" என்றார் அதே நண்பர். விற்கிறார்கள், உண்மைதான். ஆய்வகக் குடுவையில் விதை முளைக்க வைத்து வளர்ப்பது அது. மலையில் கதையே வேறு. தூசி போன்ற விதை, உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை கைகொடுத்தால்தான் முளைக்கும். பூவிலோ தேன் இல்லை. ஏமாந்து பைக்குள் விழும் பூச்சி பின்பக்கச் சந்து வழியாக நெருக்கியடித்து வெளியேறும்போதுதான் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டும். இவ்வளவும் கூடி வந்தால் ஒரு செடி. கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் தோட்டத்தார் ஆய்வகத்தில் பெருக்கி மலையிலேயே திரும்ப நட்டார்கள். என் மரியாதை அவர்களுக்கு.

நான் இதை நேரில் பார்த்ததில்லை. ஆசை இருக்கிறது, இல்லாமல் என்ன? ஆனாலும் இடத்தைக் கேட்க மாட்டேன். படம் எடுத்தவர்களும் போனில் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு எடுங்கள்.

லொகேஷன் கேட்டவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். சரி, போகட்டும்.