தீவனம் யார் போடுவது?

ரெண்டு நாளாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிற அந்தப் போட்டோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பூட்டிக் கிடக்கும் ஸ்மார்ட் கிளாஸ் அறை, உள்ளே ஒரு நிறுவனம் கொடுத்த டிஜிட்டல் திரை. ஜன்னல் கம்பி வழியே எடுத்திருக்கிறார்கள். கீழே, "லட்சக்கணக்கில் கொடுத்ததைப் பூட்டி வைத்து அழகு பார்க்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள்" என்று ஒரு வரி. நம் ஊர்க்காரர்களே அதற்குக் கைதட்டியிருக்கிறீர்கள். பள்ளி பெயரை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை, ஏற்கெனவே போதுமான அளவு நாறடித்தாகிவிட்டது.

அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். என் மகள் அங்கேதான் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அதனால் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

அந்தத் திரை ஓடவில்லை, உண்மைதான். ஏன் ஓடவில்லை என்று படம் எடுத்தவர் யாரிடமாவது கேட்டாரா? யுபிஎஸ் பேட்டரி உப்பி, மூடி பிளந்து கிடக்கிறது. நம் பக்கம் கரண்ட் எப்படிப் போய்ப் போய் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பாடங்கள் இருக்கும் மென்பொருளுக்கு உரிமம் ஒரு வருடத்துக்குத்தான் வாங்கியிருந்தார்கள். அது முடிந்த பிறகு திரையைப் போட்டால் புதுப்பிக்கச் சொல்லி ஒரு கட்டம் வரும், அதைத் தாண்டி ஒன்றும் திறக்காது. திரையைக் கொடுத்த நிறுவனத்துக்கு எச்.எம். டீச்சர் கடிதம் எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து மெயில் அனுப்பியது நான். "அந்தத் திட்டம் அந்த நிதியாண்டோடு முடிந்துவிட்டது" என்று பதில் வந்தது. பள்ளிக்கு இரவுக் காவலர் கிடையாது. பூட்டாமல் விட்டு நாளைக்குத் திருடு போனால் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கப் போவதும் அதே டீச்சர்தான்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். பொருள் வாங்கப் பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பொருளை ஓட வைக்கப் பணம் கொடுப்பதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2014-ல் தொடங்கிய தூய்மைப் பள்ளித் திட்டத்தில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் அரசுப் பள்ளிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டின. அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் சிஏஜி தணிக்கைக்காரர்கள் 15 மாநிலங்களில் நேரில் போய்ப் பார்த்தார்கள். 2020-ல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில், பார்த்தவற்றில் 72 சதவீதக் கழிப்பறைகளுக்குள் தண்ணீர் வசதியே இல்லை என்று இருந்தது. தண்ணீர் இல்லாத கழிப்பறைக்குள் ஒரு பெண் குழந்தை எப்படிப் போவாள்?

சரி, அரசு மானியம் வருகிறதே என்பார்கள். வருகிறது. முப்பதுக்கு மேல், நூறு பிள்ளைகளுக்குள் இருக்கிற பள்ளிக்கு வருடத்துக்கு ரூ.25,000. அதிலும் பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மிச்சத்தில்தான் சாக்பீஸ், பதிவேடு, பிரிண்டர் டோனர், உடைந்த குழாய், ஆடுகிற மின்விசிறி எல்லாம். பேட்டரிக்கு எங்கள் எலெக்ட்ரீஷியன் சொன்ன விலையை இதில் நுழைத்துப் பார்த்தோம். அதை வாங்கினால் ஜூனுக்கு அப்புறம் சாக்பீஸ் வாங்கக் காசு இருக்காது.

இந்த மானியம் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலேயே 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ரூ.2,152 கோடியை, பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்று மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அதைப் பற்றி ஒரு வரி எழுதாதவர்கள் ஒரு பூட்டைப் பார்த்துப் பொங்குகிறார்கள்.

"லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிறார்களே, கைக்காசு போடட்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். போடுகிறார்கள், ஐயா. பள்ளியைக் கூட்டுகிற அக்காவுக்குச் சம்பளம் வராத மாதங்களில் டீச்சர்தான் தன் பர்ஸைத் திறக்கிறார். பார்த்தவள் சொல்கிறேன். அதையும் எழுதுங்கள்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்றார் இன்னொரு அண்ணன். பல்லை நாங்கள் பார்க்கவில்லை அண்ணா. தீவனம் யார் போடுவது என்றுதான் கேட்கிறோம். அதோடு, இது தானமும் இல்லை. 2013-ன் நிறுவனங்கள் சட்டம், 135-வது பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள், முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டே ஆக வேண்டும். தொடங்கிய வருடம் போக மேலும் மூன்று வருடம் வரை நீளும் திட்டங்களுக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. ஆக, மார்ச் மாதம் ரிப்பன் வெட்டிவிட்டு ஏப்ரலில் மறந்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கொடுப்பவர்கள் எல்லோரையும் குறை சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் தாத்தா தச்சர். காமராசர் காலத்தில், அன்றைய கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஊராக மக்கள் பள்ளிக்குப் பொருள் கொடுத்தார்கள். தாத்தா தன் பங்குக்கு வேப்ப மரத்தில் பெஞ்சு செய்து கொடுத்திருக்கிறார். அப்பா அதில் உட்கார்ந்துதான் படித்தார். கால் ஆடுகிறது என்று வாத்தியார் சொல்லி அனுப்பினால், தாத்தா உளியையும் ஆப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாராம், கூலி பேச்சே கிடையாது. தான் கொடுத்த பெஞ்சு தன் பொறுப்பு என்று நினைத்தார், அவ்வளவுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்தப் படத்துக்குக் கீழே கை தட்டியவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் எந்த வேனில் எந்த மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் மகளை இங்கே சேர்த்தபோது "வேற வழி இல்லையாம்மா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டீர்கள். சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. என் பிள்ளை படிக்கிற பள்ளியைப் பற்றிப் பேசும்போது, அவளும் இதையெல்லாம் படிப்பாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நேற்று போனை நீட்டி, "இது எங்க எச்.எம். டீச்சரையாம்மா சொல்றாங்க?" என்று கேட்டாள்.

நிஜமாகவே உதவ நினைப்பவர்களுக்கு: 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து நேரடியாகக் கொடுக்கலாம். அதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இன்றைய தேவை ஒரு யுபிஎஸ் பேட்டரி, மூன்று வருடத்துக்கு மென்பொருள் உரிமம், கூட்டுகிற அக்காவுக்கு மாதாமாதம் தவறாத சம்பளம். உங்கள் பெயரைச் சுவரில் எழுத எங்களுக்கு எந்தத் தடையும் இல்லை, பெயின்டர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்.