அது சாத்தானைக் கும்பிட்டவர்களின் பேட்ஜ் அல்ல

"இடைக்காலத்தில் பிசாசு உருவம் போட்ட பேட்ஜ் அணிந்தவர்கள் ரகசியமாகச் சாத்தானை வழிபட்டவர்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. நீங்கள் போட்டிருக்கும் படத்தையே கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பிரசங்க மேடையில் ஒரு பாதிரியார் நிற்கிறார், பக்கத்தில் ஒரு நீள பூட்ஸ், அதன் வாய்க்குள்ளிருந்து குட்டிப் பிசாசு தலையை நீட்டுகிறது.

அந்தப் பாதிரியார் ஜான் ஷோர்ன். இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரின் நார்த் மார்ஸ்டன் ஊரில் பங்குத்தந்தையாக இருந்து, 1313 வாக்கில் இறந்தவர். பிசாசைப் பிடித்து பூட்ஸுக்குள் அடைத்தார் என்பது அவரைப் பற்றிய கதை. கவுட் நோயால் கால் வீங்கித் தவித்தவர்கள் அவர் இறந்தபின் அவரது கல்லறைக்கு வேண்டிக்கொள்ளப் போனார்கள். போனவர்கள் வாங்கி வந்த பேட்ஜ்தான் இது. ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி அச்சில் வார்த்தது; ஏழையும் வாங்கக்கூடிய விலை. தொப்பியிலோ மேலாடையிலோ குத்திக்கொள்வார்கள். தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்துகூட இவை கிடைத்திருக்கின்றன.

அதாவது அதில் இருப்பது பிடிபட்ட பிசாசு. பிரான்சின் மோன் சேன் மிஷேல் என்ற புனிதத் தலத்தின் பேட்ஜ்களிலும் இப்படித்தான்: மிக்கேல் தூதரின் காலடியில் பிசாசு டிராகன் உருவில் மிதிபட்டுக் கிடக்கும். புனித மார்கரெட்டின் கதையில் அவரை விழுங்கிய டிராகனும் பிசாசுதான். அதன் வயிற்றைப் பிளந்து அவர் வெளியே வந்ததால், பிரசவம் நல்லபடியாக முடியவேண்டும் என்று கர்ப்பிணிகள் அவரை வேண்டிக்கொண்டார்கள்.

வலியோடும் பயத்தோடும் நடந்துபோய் வேண்டிக்கொண்ட சாதாரண பக்தர்கள் இவர்கள். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள். அதற்குள் பலர் பகிர்ந்துவிட்டார்கள்.